நிலவறைத் தரைக்கு என்ன நிறச் செங்கல்? கீழே விழுந்த திருகாணி கண்ணில் பட வேண்டும்

காவிக்கல்:

எல்லோருக்கும் வணக்கம். பேஸ்மென்ட் என்று எழுதினால் சிலர் பேஸ்மட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள், அதனால் நிலவறை என்றே எழுதுகிறேன். வீட்டுக்கு அடியில், தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் அறை. 18 அடி நீளம், 14 அடி அகலம், உயரம் 7 அடி 4 அங்குலம்தான். கிழக்குச் சுவரில் கூரையை ஒட்டி ஒரே ஒரு சின்ன ஜன்னல். காலையில் இரண்டு மணி நேரம் அதிலிருந்து ஒரு வெளிச்சப் பட்டை தரையில் விழுந்து, மெல்ல நகர்ந்து, போய்விடும். மற்ற நேரமெல்லாம் விளக்குதான். இப்போது வெறும் கான்கிரீட் தரை.

அந்த அறையை அப்பாவுக்காகத் தயார் செய்கிறோம். ஐம்பது வருடம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். வயது 74. கடையை விட்டுவிட்டார், ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மேசை, கண்ணில் வைக்கிற லென்ஸ், நூறு சின்ன அறைகள் உள்ள இழுப்பறைப் பெட்டி, எல்லாம் கீழே போகின்றன. வேலை பழகிய பட்டறையில் செங்கல் பாவிய தரை இருந்ததாம். அதே மாதிரி வேண்டும் என்று கேட்டார். வாயைத் திறந்து எதையும் கேட்காத மனிதர் கேட்டது இது ஒன்றுதான், அதனால் ஒழுங்காகச் செய்ய ஆசை.

நிறத்தைப் பற்றிக் கேட்டேன். "நிறம் உன் இஷ்டம்மா. கீழே விழுந்தது எனக்குக் கிடைக்கணும், அவ்வளவுதான்" என்றார். கைக்கடிகாரத்துத் திருகாணிகளில் சில ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இடுக்கியிலிருந்து தெறித்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சின்ன வயதில் அப்பாவோடு சேர்ந்து தரையில் கன்னம் வைத்து எத்தனையோ முறை தேடியிருக்கிறேன்.

மூன்று கல் மாதிரிக்கு வாங்கி வந்திருக்கிறேன். ஒன்று நல்ல செங்காவி. ஒரு முனையில் மட்டும் விரல் அகலத்துக்குக் கருத்திருக்கிறது, சூளையில் அந்தப் பக்கம் நெருப்பு கூடுதலாகப் பட்டிருக்கும் போல. இரண்டாவது சந்தன நிறம், கிட்டத்தில் பார்த்தால் பழுப்புப் புள்ளிகள் தூவினாற்போல் இருக்கின்றன. மூன்றாவதைக் கருநீலம் என்றும் சொல்ல முடியவில்லை, சாம்பல் என்றும் சொல்ல முடியவில்லை. இரும்புச் சட்டியின் அடி மாதிரி, மேலே லேசான மினுக்கு. அதன் அழகில்தான் மனம் போகிறது.

வெயிலில் வைத்துப் பார்த்தபோது சிவப்பு அள்ளிக்கொண்டு போயிற்று. அன்று சாயங்காலம் மூன்றையும் கீழே கொண்டுபோய் வைத்தேன். அதே கல்லா என்று ஆகிவிட்டது. சிவப்பு சோர்ந்துபோய்க் காய்ந்த சேறு மாதிரிக் கிடந்தது. கறுப்புக் கல் இருந்த இடம் தரையில் ஒரு பள்ளம் போலத் தெரிந்தது. சந்தனம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

சரி, சந்தனத்தையே எடுத்துவிடலாம் என்று அப்பாவின் டப்பாவிலிருந்து ஒரு பித்தளைப் பல்சக்கரத்தை எடுத்து அதன்மேல் போட்டேன். போட்டது நான், போட்ட இடமும் தெரியும், ஆனாலும் கண்ணுக்குப் படவில்லை. கறுப்பில் பித்தளை பளிச்சென்று தெரிகிறது, ஆனால் சூடு காட்டி நீலமாக்கிய எஃகுத் திருகாணி காணாமல் போகிறது. சிவப்பில் இரண்டும் தெரிகின்றன, வெளிச்சம் இருந்தால்.

ஒரே நிறமாகப் போடுவதா, கலந்து போடுவதா? உயரம் குறைந்த அறையில் கறுப்பு போட்டால் அடைக்குமா? கல்லுக்கு நடுவில் வரும் கலவை என்ன நிறத்தில் இருக்க வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


ரசமட்டம்:

தங்கச்சி, முப்பது வருடமாகத் தரை வேலை செய்கிறேன். மாதிரிக் கல்லை அறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்தீர்களே, அதுவே பாதி வேலை. நிறையப் பேர் வெயிலில் பார்த்து லாரியோடு இறக்கிவிட்டு அப்புறம் கையைப் பிசைவார்கள்.

நிறத்துக்கு வருவதற்கு முன்னால் ஓதம். நிலவறைத் தரை மண்ணோடு உறவாடுகிற தரை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட்டின்மேல் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம், முடிந்தால் இரண்டு நாள் விடுங்கள். அடியில் துளி கட்டியிருந்தாலோ கான்கிரீட் கருத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். நடுவில் ஒன்று, ஒவ்வொரு சுவரோரமும் ஒன்று போடுங்கள். ஒரே இடத்தில் போட்டுப் பார்த்து ஏமாறக் கூடாது.

இதை நிறக் கேள்விக்கு முன்னால் சொல்வதற்குக் காரணம், ஈரம் ஏறும் தரையில் உப்பு பூக்கும். மண்ணிலும் சிமென்டிலும் கல்லிலும் இருக்கும் உப்பை ஈரம் கரைத்துக்கொண்டு மேலே வரும், தண்ணீர் காய்ந்து போகும், உப்பு வெள்ளையாக மேலே நிற்கும். சந்தனக் கல்லில் அது அவ்வளவாகத் தெரியாது. சிவப்பில் தெரியும். கறுப்பில் சுண்ணாம்பைக் கொட்டியது மாதிரி இருக்கும். கறுப்புத் தரை போட்ட நிலவறைகள் இரண்டை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் உப்பைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோயிருந்தார்கள்.

கல்லின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று புரியும். மண்ணில் இருக்கும் இரும்பு, சூளையில் நல்ல காற்றோடு வெந்தால் சிவக்கும். சுண்ணாம்பு கூடுதலாக உள்ள மண் வெந்தால் வெளிறி சந்தனமாகும். அதே இரும்பு மண்ணைக் கடைசி நேரத்தில் காற்றைக் குறைத்து வேகவைத்தால் கருநீலமாகும். உங்கள் சிவப்புக் கல்லின் முனைக் கருப்பும் கூடுதல் வேக்காடாகவோ காற்றுக் குறைவாகவோ இருக்கலாம். செங்கல் பொதுவாக வேகிற சூடு 900 முதல் 1,100 டிகிரி செல்சியஸ் வரை. ஒரே சூளையிலேயே ஒரு மூலை மாதிரி இன்னொரு மூலை இருக்காது. வெளிர் ஆரஞ்சாக, தட்டினால் மொத்தென்று சத்தம் வந்தால் அது அரைவேக்காடு. தரைக்கு வேண்டவே வேண்டாம், நாற்காலிக் காலடியில் மாவாகும். கணீரென்று கேட்க வேண்டும்.

மூன்று கல்லையும் ஆளுக்கு ஒரு அடி கொடுத்து உடைத்துப் பாருங்கள். சில கல்லில் நிறம் தோலோடு சரி. மேலே நிறமண் பூசிச் சுட்டதாக இருந்தால் ஆள் நடந்து நடந்து உள்நிறம் எட்டிப் பார்க்கும். சுவருக்குப் பரவாயில்லை, தரைக்கு ஆகாது. உடைத்த துண்டு ஒன்றை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி எடை போடுங்கள். எவ்வளவு குறைவாகக் குடிக்கிறதோ அவ்வளவு நல்லது. கறை குடிக்கும் கல் எந்த நிறமாக இருந்தாலும் இரண்டு வருடத்தில் வேறு நிறம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உயரம் 7 அடி 4 அங்குலம் என்கிறீர்கள். 50 மி.மீ. கல்லைப் படுக்கையாகப் போட்டு, அடியில் 25 மி.மீ. கலவை வைத்தால் 3 அங்குலம் போய்விடும். அதைவிட முக்கியம் படி. மாடிப்படி எல்லாம் 7 அங்குலமாக இருந்து கடைசிப் படி மட்டும் 4 அங்குலமாகிவிட்டால், பழகிய கால் அங்கேதான் தடுக்கும். 74 வயதில் அது விளையாட்டில்லை. 20 மி.மீ. கனத்துக்கு அறுத்த செங்கல் வில்லை கிடைக்கும். பசைக் கலவையோடு சேர்த்து ஒரு அங்குலத்தில் முடிந்துவிடும். வாங்கும்போது கல்லின் வெளிமுகம் உள்ள வில்லையா, நடுவில் அறுத்ததா என்று பாருங்கள். நடுவில் அறுத்ததில் சில சமயம் வேகாத கருப்பு வயிறு தெரியும். படியின் காலடியில் ஒரு வரிசை கறுப்பு போட்டால் படி முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியும்.

கலந்து போடுவதா என்று கேட்டீர்கள். ஒரே நிறம் என்று நினைத்து வாங்கினாலும் கட்டுக்குக் கட்டு வித்தியாசம் இருக்கும். மூன்று நான்கு கட்டை ஒன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் மாற்றி மாற்றி எடுத்துப் பாவ வேண்டும். ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டு என்று போனால் தரையில் திட்டுத்திட்டாக நிற்கும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.


விளக்கொளி:

காவிக்கல் அக்கா, மேடை விளக்கு அமைப்பது என் வேலை. உங்கள் சிவப்புக் கல் கீழே போனதும் செத்துப்போன மாதிரி இருந்ததாக எழுதியிருந்தீர்கள். கல்மேல் தப்பே இல்லை.

வெளிச்சம் குறையக் குறைய நம் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. பகலில் கண்ணுக்கு அதிகம் உறைப்பது அலைநீளம் 555 நானோமீட்டர் பக்கம் உள்ள ஒளி, மஞ்சள் கலந்த பச்சை. இருட்டில் அது 507 பக்கம் நகர்ந்துவிடும், அதாவது நீலப்பச்சைக்கு. சிவப்பு அந்த எல்லைக்கு வெளியே விழுவதால் எல்லா நிறத்துக்கும் முன்னால் அதுதான் கருக்கும். சாயங்காலம் தோட்டத்தில் செம்பருத்தி இலையைவிட இருட்டாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். புர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதியதால் அவர் பெயரிலேயே சொல்கிறோம். வயதான கண்ணுக்கு வெளிச்சம் இன்னும் கூடுதலாக வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பல்பு. எல்.இ.டி. பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு. சாதாரண பல்பில் 80 இருக்கும். அந்த எண்ணை எட்டு வெளிர் நிறங்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள், அழுத்தமான சிவப்பு அதில் சேரவே சேராது. சிவப்புக்கென்று ஆர்-9 என்று தனி எண் உண்டு. 80 பல்பில் அது பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும். அதனால்தான் செங்காவி சேறாகிறது. 90க்கு மேல் சி.ஆர்.ஐ. உள்ளதை, ஆர்-9 தனியாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 6,500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் நீலம் கூடும்) வெள்ளைப் பல்பு செங்கலுக்குப் பகை. அறைக்கு 3,000, அப்பாவின் மேசைக்கு 4,000 வைத்தால் சரியாக இருக்கும். பல்பை மாற்றிவிட்டு அதே மூன்று கல்லை அதே இடத்தில் மறுபடி பாருங்கள். அதற்கு முன்னால் நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

திருகாணி தேட ஒரு வழி சொல்கிறேன். மேசைக் காலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு சின்ன விளக்கைப் படுக்கையாக வைத்துத் தனி சுவிட்ச் கொடுங்கள். வெளிச்சம் தரையோடு தரையாக ஓடும்போது ஒரு மில்லிமீட்டர் பொருளுக்கும் நீளமான நிழல் விழும். நிறம் காட்டிக்கொடுக்காததை நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

ரசமட்டம் அண்ணா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. படியின் காலடியில் கறுப்பு வேண்டாம். கறுப்புக் கல் பள்ளம் போலத் தெரிந்தது என்று அக்காவே எழுதியிருக்கிறார். வயதானவர் கால் அதைத் தாண்டப் பார்க்கும் அல்லது தயங்கும். அங்கே சந்தனம் போடுங்கள்.


ரசமட்டம்:

தம்பி சொல்வது சரி. படிக்குச் சந்தனம். நான் யோசிக்கவில்லை.


பழஞ்செங்கல்:

நான் செய்த தப்பை எழுதிவிட்டுப் போகிறேன். இடித்த வீட்டிலிருந்து எடுத்த பழைய செங்கலை நிலவறையில் பாவினேன். நிறம் அப்படி ஒரு அழகு. சிவப்பு, ஆரஞ்சு, கத்தரிப்பூ நிறம், அங்கங்கே புகை ஏறிய கருப்பு, நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்தது. ஒரு வருடத்தில் ஆரஞ்சுக் கல் எல்லாம் குழிந்துவிட்டது. அவை உட்சுவரில் இருந்த அரைவேக்காட்டுக் கல், மழை வெயில் பார்க்காதவை. புகை ஏறியவை புகைபோக்கியில் இருந்தவை. அவற்றில் இருந்த உப்பு வந்துகொண்டே இருக்கிறது, மூன்றாவது வருடமாகத் துலக்குகிறேன்.

விற்றவர் எல்லாம் ஒரே சுவர்க் கல் என்று சொல்லித்தான் கொடுத்தார். பழைய கல்லின் நிற வித்தியாசம் அழகு மட்டும் இல்லை, வேக்காட்டு வித்தியாசமும் அதுதான். கலந்து போட ஆசைப்பட்டால் புதிய கல்லிலேயே கலந்துகொள்ளுங்கள்.


காவிக்கல்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் எடுத்துக்கொண்டு சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

பிளாஸ்டிக் தாள் ஐந்து இடத்தில் ஒட்டினேன். நடுவிலும் மூன்று சுவரோரமும் இரண்டு நாள் கழித்தும் உலர்வாகவே இருந்தது. வடக்குச் சுவரோரம் மட்டும் தாளின் உட்பக்கம் முழுக்கத் துளி. விரலால் தொட்டால் ஓடுகிறது. வெளியே போய்ப் பார்த்தேன். கூரைத் தண்ணீர்க் குழாய் சரியாக அந்தச் சுவரடியில்தான் கொட்டுகிறது, மண்ணும் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. இத்தனை வருடம் கண்ணில் பட்டும் படாமல் இருந்திருக்கிறது.

எடை போட்டதில் சிவப்பு 2,010 கிராம் இருந்தது, ஊறியபின் 2,150. ஏறக்குறைய 7 சதவீதம். சந்தனம் 1,940 இருந்து 2,190 ஆயிற்று, 13 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. கறுப்பு 2,160 இருந்து 2,240, நாலு சதவீதம்கூட இல்லை. (முழுக் கல்லாகவே ஊறவைத்தேன், அப்புறம்தான் உடைத்தேன்.) சிவப்பு உள்ளேயும் அதே சிவப்பு. சந்தனம் உள்ளே இன்னும் வெளிறியிருக்கிறது. கறுப்பு நகக்கனத்துக்குத்தான் கறுப்பு, உள்ளே செங்கல் சிவப்பு. பூசியதா என்று நகத்தால் கீறிப் பார்த்தேன், வரவில்லை. எல்லை ஒரு கோடாக இல்லாமல் கறுப்பிலிருந்து சிவப்புக்கு மெதுவாக மாறுகிறது.

பல்பை மாற்றியது பெரிய விஷயம். சி.ஆர்.ஐ. 95 உள்ளதாக இரண்டு வாங்கி மாட்டினேன். சிவப்புக் கல் திரும்பி வந்துவிட்டது! வெயிலில் பார்த்த அதே சிவப்பு இல்லை, கொஞ்சம் ஆழமாக, பானை நிறத்தில். எனக்கு இதுதான் இன்னும் பிடித்திருக்கிறது. என் கணவர் சந்தனக் கட்சி, அவரே "இது வேற கல்லா?" என்றார்.

இப்போது என் குழப்பம் கலவையில். பத்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒன்பது கல்லை அடுக்கிப் பார்த்தேன். திருகாணியைத் தூக்கிப் போட்டால் அது கல்மேல் நிற்பதே இல்லை, உருண்டு இடைவெளியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்படியானால் கல்லின் நிறத்தைவிடக் கலவையின் நிறம்தான் அப்பாவுக்கு முக்கியமா? வடக்குச் சுவரோரம் உப்பு வரும் என்றால் அங்கே மட்டும் இரண்டு வரிசை சந்தனம் போட்டு மறைத்துவிடலாமா?


ரசமட்டம்:

கடைசிக் கேள்விக்கு முதலில். மறைக்காதீர்கள். உப்பு என்பது தரை பேசுகிற பேச்சு. சந்தனம் போட்டால் பேச்சு கேட்காது, ஈரம் மட்டும் வந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் கலவை பொடியாகக் கையில் வரும்போதுதான் தெரியும். அதிலும் அந்த அறையில் இருக்கப்போவது எஃகுச் சாமான், கடிகாரம். ஓதம் இருந்தால் துரு. முதலில் வெளியே குழாயைச் சுவரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள், மண்ணைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி அள்ளிப் போடுங்கள். ஒரு மழைக்காலம் பொறுத்து மறுபடி தாள் ஒட்டிப் பார்த்துவிட்டுப் பாவுங்கள். அவசரம் வேண்டாம்.

பாவிய பின்னும் முதல் சில மாதம் கொஞ்சம் உப்பு வரலாம், கலவையில் ஊற்றிய தண்ணீரே அதைக் கொண்டுவரும். காய்ந்த தூரிகையால் தேய்த்து அள்ளிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். ஆசிட் பக்கமே போகாதீர்கள். சந்தனக் கல்லில் வனேடியம் என்ற உலோகம் இருக்கலாம், இருந்தால் ஆசிட் பட்டுப் பச்சைப் பச்சையாகக் கறை எழும்பும். மாங்கனீஸ் சேர்த்த பழுப்புக் கல்லில் கருங்கறை எழும்பும். படியடியில் நீங்கள் போடும் ஒரு வரிசைச் சந்தனத்துக்கும் இது பொருந்தும்.

மேலே பளபளவென்று ஏடு கட்டும் பூச்சு அடிக்கச் சொல்வார்கள். நிலவறைக்கு வேண்டாம். கீழிருந்து வரும் ஈரம் ஏட்டுக்கு அடியில் சிக்கி, வெளுத்து, உரியும். கல்லுக்குள் ஊறி, மூச்சு விட வழி விடும் சிலேன் வகைப் பூச்சு போதும். அதையும் முதலில் ஒரு துண்டில் அடித்துக் காயவைத்துப் பாருங்கள். சில பூச்சு நிறத்தை நனைந்த கல் மாதிரி ஆழமாக்கிவிடும், சில ஒன்றும் செய்யாது.

இப்போது கலவை. 200க்கு 100 கல்லை 10 மி.மீ. இடைவெளியில் பாவினால் தரையில் ஏழு எட்டில் ஒரு பங்கு கலவைதான். சின்ன விஷயம் இல்லை. மணல் நிறக் கலவை தரையை வெளிச்சமாக்கும், ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக எடுத்துக் காட்டும். சாம்பல் சிமென்ட் நிறம் எஃகை விழுங்கும், மணல் நிறம் பித்தளையை விழுங்கும். உங்கள் பரிசோதனைப்படி இரண்டையும் காட்டுவது சிவப்பு ஒன்றுதான். அதனால் அப்பா உட்காரும் இடத்தைச் சுற்றி மட்டும் வில்லைகளை 3 மி.மீ. நெருக்கி, கலவையில் சிவப்பு ஆக்சைடு சேர்த்து, கல் மட்டத்துக்கு நிரப்பி வழித்துவிடுங்கள். பள்ளமாக இழைக்கக் கூடாது. மற்ற இடத்தில் மணல் நிறமே இருக்கட்டும். ஆக்சைடு சிமென்ட் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கலவை வலுவிழக்கும். மொத்தத்துக்கும் ஒரே தடவையாக, எடை போட்டு, உலர்வாகவே கலந்து வைத்துவிடுங்கள். கைப்பிடி கணக்கில் போட்டால் ஒவ்வொரு சட்டியும் ஒரு நிறம். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், காய்ந்தால் வெளிறும்.

அப்புறம், அடுக்கு. மீன்முள் அடுக்கு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கோடுகள் எல்லாப் பக்கமும் ஓடும், சின்னப் பொருள் தேடும் கண்ணுக்குக் குழப்பம். மேசையடியில் நேர் வரிசைதான்.


காவிக்கல்:

அண்ணா, நீங்கள் சொன்னபடி மேசையடிக்கு மட்டும் ஒரு மாதிரி செய்து பார்த்தோம். மூன்றடிக்கு மூன்றடி பலகையில் சிவப்பு வில்லைகளை நெருக்கி ஒட்டி, சிவப்புக் கலவை நிரப்பி, ஒரு வாரம் காயவிட்டோம். முதல் நாள் கருஞ்சிவப்பாக இருந்து வயிற்றைக் கலக்கியது. நாலாம் நாள் கல்லோடு சேர்ந்துவிட்டது. நிலவறையில் மேசை வரப்போகும் இடத்தில் போட்டு, விளக்கொளி தம்பி சொன்ன மாதிரி ஒரு கைவிளக்கைத் தரையோடு படுக்கவைத்தேன்.

அப்பா இறங்கி வந்தார். ஒன்றும் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பன்னிரண்டு திருகாணி, எஃகும் நீலமும் பித்தளையும் கலந்து. மேசை உயரத்திலிருந்து ஒவ்வொன்றாக விட்டார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கைவிளக்கின் வெளிச்சத்தில் ஒவ்வொரு திருகாணிக்கும் பின்னால் ஒரு மயிரிழை நிழல், அதன் நீளத்தைப் போல ஐந்து மடங்கு. நனைத்த விரல் நுனியில் ஒட்டி ஒட்டி எடுத்தார். பதினொன்று எடுத்துவிட்டார். பன்னிரண்டாவது பலகையைத் தாண்டித் தெறித்து வெறும் கான்கிரீட்டில் விழுந்திருக்கிறது. அதை நானும் அவருமாக அரை மணி நேரம் தேடினோம், பழையபடி கன்னத்தைத் தரையில் வைத்து.

கிடைத்ததும் எழுந்து, ஒரு சாக்பீஸ் கேட்டார். நாற்காலியைச் சுற்றித் தரையில் கோடு போட்டார். நான் மூன்றடிக்கு மூன்றடி நினைத்திருந்தேன், அவர் போட்டது ஏழடிக்கு ஆறடி. "இவ்வளவு தூரம் தெறிக்கும்" என்றார்.

அதனால் முடிவு இப்படி. அறை முழுக்கச் சிவப்பு, நான்கு கட்டைப் பிரித்துக் கலந்து, மணல் நிறக் கலவையோடு. சாக்பீஸ் கோட்டுக்குள் நெருக்கமாக, சிவப்புக் கலவையோடு. படியடியில் ஒரு வரிசை சந்தனம். கறுப்பை விட மனம் இல்லைதான், ஆனால் அதற்கு இந்த அறையில் இடம் இல்லை. அறைக்கு ஆயிரத்துச் சொச்சம் வருகிறது, வெட்டுக்கும் உடைப்புக்கும் சேர்த்து 1,100 வில்லை சொல்ல இருக்கிறேன். நெருக்கிப் போடும் இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு, குறைகிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். குழாயைத் திருப்பியாயிற்று, மண் வேலை இந்த வாரம். மழை முடிந்து வடக்குச் சுவரோரம் மறுபடி தாள் ஒட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். அதுவரைக்கும் கான்கிரீட்டில் அந்தச் சாக்பீஸ் கோட்டை யாரும் மிதித்து அழிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.


ரசமட்டம்:

1,100 போதும் தங்கச்சி. பாவி முடித்து மிஞ்சுவதில் இருபதைத் தனியாக எடுத்து வையுங்கள். பின்னால் ஒன்று இரண்டு மாற்ற வேண்டி வந்தால் இதே சூளையின் இதே நிறம் மறுபடி கிடைக்காது. சாக்பீஸ் கோட்டை இப்போதே அளந்து, சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.